கோச்சி வராத ஊருக்கு வந்த காகிதம்

மட்டக்களப்பு நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. 1928ஆம் ஆண்டு அங்கே வந்து நின்ற கோச்சி அதற்குப் பிறகு தெற்கே ஓரடிகூட நகரவில்லை. இறங்கியவர்கள் கல்லடிப் பாலம் கடந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு என்று தெருவோடு வரவேண்டும். மட்டக்களப்பு மாவட்டம் முடிந்து அம்பாறை மாவட்டம் தொடங்கும் இடத்தில் பெரியநீலாவணை. கிழக்கே கடல். மேற்கே வயலும் வாவியும். இரண்டுக்கும் நடுவே ஒரு நாடா போல நீண்ட மணல்நிலம், அதன் மேல் தமிழ்க் குடிகளும் முஸ்லிம் குடிகளும், அடுத்து மருதமுனையின் தறிச் சத்தம்.

கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் கோச்சி விட வேண்டும் என்பது மூத்தவாப்பாமார் காலத்துப் பேச்சு. தேர்தல் மேடைகளில் இன்றைக்கும் கேட்கிறது. கோச்சி வரவில்லை. ஆனால் கோச்சிக்காகவே பிறந்த ஒரு காகிதம் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது.

அந்தக் காகிதத்தை இந்தக் கரையில் பலரும் பார்த்திருப்பார்கள். கிராம உத்தியோகத்தர் அலுவலகச் சுவரில், சந்தியில், சில வேளை காணியின் வேலியோரத் தென்னையில் ஒட்டியிருக்கும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழி. தலைப்பில் காணி எடுத்தற் சட்டம், 460ஆம் அத்தியாயம், 2ஆம் பிரிவு என்று இருக்கும். ஒரு பொதுத் தேவைக்காக இந்தப் பகுதியில் காணி வேண்டியிருக்கிறது, அலுவலர்கள் உள்ளே வந்து அளப்பார்கள் என்பது அதன் சாரம். படித்தவர் படிக்காதவருக்குச் சொல்ல, பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிடும். 'ரெண்டாம் பிரிவு ஒட்டியாச்சாம்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு, மகளுக்கு வீடு கட்ட அத்திவாரம் வெட்டியவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுவார்.

இந்தக் காகிதம் எங்கிருந்து புறப்பட்டது, வழியில் எங்கெங்கே தங்கியது, எதை ஏற்றிக்கொண்டது, எதை இறக்கிவிட்டது என்று தேடிப்பார்த்தால் கதை இங்கிலாந்தில், லிவர்பூலுக்கும் மன்செஸ்டருக்கும் நடுவேயுள்ள வயல்களில் தொடங்குகிறது.

அங்கே அரசாங்கம் நினைத்த மாத்திரத்தில் ஒருவர் நிலத்தை எடுத்துவிட முடியாது. ரயில் பாதை போடுவதும் தனியார் கம்பனிகள்தான். ஆகவே ஒவ்வொரு பாதைக்கும் பாராளுமன்றத்தில் தனித்தனிச் சட்டம் வேண்டியிருந்தது. லிவர்பூல் – மன்செஸ்டர் பாதைக்காக ஜோர்ஜ் ஸ்டீவன்சனின் ஆட்கள் அளக்கப் போனபோது பெரிய நிலக்கிழார்கள் காவலாட்களை விட்டு விரட்டினார்கள். ஒளித்தும் இரவிலும் அளக்க வேண்டியதாயிற்று. அந்த அளவுகளில் பிழை இருந்தது. 1825இல் பாராளுமன்றக் குழுவின் முன்னே நிலக்கிழார்களின் வழக்கறிஞர்கள் ஸ்டீவன்சனை நிறுத்திவைத்து அந்தப் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்கள். மசோதா தோற்றது. அடுத்த ஆண்டு வேறு அளவு, வேறு பாதை, வேறு மசோதா. அது நிறைவேறியது. 1830 செப்டெம்பர் 15ஆம் திகதி ரயில் ஓடியது.

பிறகு ரயில் பித்துத் தலைக்கேறிய காலம். 1846ஆம் ஆண்டில் மட்டும் 250க்கும் மேற்பட்ட ரயில் சட்டங்கள் நிறைவேறின. காணி எடுப்பதற்கான வாசகங்களை ஒவ்வொரு சட்டத்திலும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்க முடியாது என்று 1845இலேயே அவற்றை ஒன்றாகத் தொகுத்து ஒரு பொதுச் சட்டம் செய்துவைத்தார்கள். காணி வாசகங்கள் ஒருங்கிணைப்புச் சட்டம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். நமது காகிதத்தின் முப்பாட்டன் அதுதான்.

அந்த முப்பாட்டனிடம் இருந்த இரண்டு குணங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, விலையில் இணக்கம் வராவிட்டால் நடுவர்களிடமோ, ஊர்மக்களைக் கொண்ட யூரர் சபையிடமோ போகலாம். விலையைக் கம்பனி தானே தீர்மானிக்க முடியாது. இரண்டாவது, காசு கொடுக்கும்வரை, அல்லது கட்டிவைக்கும்வரை, கம்பனியின் ஆள் காணிக்குள் கால் வைக்கக் கூடாது. முதலில் காசு, பிறகு கால். விருப்பமில்லாமல் விற்கிறார் என்பதற்காகப் பெறுமதிக்கு மேல் நூற்றுக்குப் பத்து கூட்டிக் கொடுப்பதும் வழக்கமாக இருந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் பிரபுக்கள். பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் அவர்களே. தங்கள் நிலத்தைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டார்கள்.

கப்பலேறிக் கல்கத்தா வந்தபோது நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் மாறிவிட்டார்கள். வங்காளத்தில் வீதிக்கும் வாய்க்காலுக்கும் காணி எடுக்க 1824லேயே ஓர் ஒழுங்குவிதி இருந்தது. 1850இல் ஒரு சட்டம் போட்டு, ரயில்வேயும் அந்த ஒழுங்குவிதிக்குள் வரும் பொது வேலைதான் என்று அறிவித்தார்கள். 1857இல் பிரித்தானிய இந்தியா முழுவதற்குமான முதல் காணி எடுப்புச் சட்டம். கம்பனிகள் லண்டனில் இருந்தன. அவற்றின் முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி கிடைக்கும் என்று அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்தது. காணியையும் இலவசமாகக் கொடுத்தது. அதாவது குடியானவரிடம் காணியை எடுத்தது அரசாங்கம், பெற்றுக்கொண்டது கம்பனி. 1856 ஜூலை 1ஆம் திகதி சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் போன தென்னிந்தியாவின் முதல் ரயிலும் அப்படிக் கிடைத்த மண்ணில்தான் ஓடியது.

இங்கேதான் காகிதத்தின் குணம் மாறியது. விலைக் கணக்கு முதலில் கலெக்டரின் கைக்குப் போயிற்று. யூரர் சபை கப்பலிலேயே தங்கிவிட்டது. 1870ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பதிலாக நீதிமன்றத்தையும் நீதிபதியோடு அமரும் மதிப்பாளர்களையும் கொடுத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தியச் சட்டங்களில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: இது பொதுத் தேவைக்கானது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்பே முடிவான சான்று. தேவை உண்மையா என்று கேட்கும் வாசல் அந்த ஒரு வரியோடு சாத்தப்பட்டது. அவசரம் என்றால் கணக்கு முடியுமுன்னே உள்ளே போகலாம் என்ற ஏற்பாடும் சேர்ந்தது. முதலில் காசு, பிறகு கால் என்ற முறை பாதி வழியில் தலைகீழாகிவிட்டது.

கொழும்பில் காகிதம் வந்து இறங்கிய கதையைச் சொல்லுமுன், அது வருவதற்கு முன்னமே இங்கே இருந்த இன்னொரு சட்டத்தைச் சொல்லவேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம் வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்று அது கொண்டது. சேனை வெட்டிப் பயிர்செய்து, சில ஆண்டு ஆறப்போட்டு, மறுபடி அந்த இடத்துக்கே வருகிறவருக்கு நிலம் ஆறுகிற காலம் தரிசுக் காலம். அரசாங்கத்தின் கண்ணில் அது பயிரிடாத நிலம். காணி எடுத்தற் சட்டம் காசு கொடுத்து எடுத்தது. இது காசே கொடுக்காமல் எடுத்தது. பின்னாளில் ரயில்வேக்கு எவ்வளவு காணி மலிவாகக் கிடைத்தது என்று யாராவது கணக்குப் பார்த்தால் இந்த 1840ஐ முதலில் எழுதித்தான் தொடங்க வேண்டும்.

அப்படி முடிக்குரியதாக்கிய மலைநாட்டு நிலம் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் ஆளுநர் ஸ்டூவர்ட் மக்கன்சி இருந்தார். நீதிபதிகள் இருந்தார்கள். படை அதிகாரிகள், பாதிரிமார், சிவில் சேவை உத்தியோகத்தர் எல்லோரும் இருந்தார்கள். 1833இன் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் சிவில் சேவையின் சம்பளத்தைக் குறைத்து ஓய்வூதியத்தையும் நிறுத்தியிருந்தது. அந்தக் குறையைக் காப்பித் தோட்டத்தால் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். காணியை விற்கும் கை, காணியை வாங்கும் கை, காணித் தகராறை விசாரிக்கும் கை மூன்றும் ஒரே உடம்பில் இருந்தன. கச்சேரி மேசையில் குந்தியிருந்தவரின் மனம் கண்டி மலையில் இருந்தது.

இதைச் சகிக்க முடியாமல் 1844–45இல் குடியேற்ற நாடுகளின் செயலாளர் ஸ்டான்லி பிரபு சிவில் சேவை விதிகளைத் திருத்தினார். உத்தியோகத்தர் தோட்டம் செய்யக் கூடாது, வியாபாரம் செய்யக் கூடாது. அதற்கு ஈடாக ஓய்வூதியம் திரும்பி வந்தது. இங்கிலாந்தில் காணிச் சட்டம் தொகுக்கப்பட்டதும், இலங்கைக்கு ரயில் போட லண்டனில் ஒரு கம்பனி தொடங்கியதும் அதே 1845இல்தான். இந்த மூன்றையும் யாரும் கலந்துபேசிச் செய்யவில்லை. ஆனாலும் எனக்கு இவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகத்தான் தெரிகின்றன. காணி எடுக்கும் காகிதம் ஒரு பிள்ளை என்றால், அதைக் கையாளுகிறவனுக்குச் சொந்த ஆசை இருக்கக் கூடாது என்ற விதி அதன் கூடப்பிறந்தது. இரண்டாவது பிள்ளை இல்லாத வீட்டில் முதலாவது பிள்ளை எப்படி வளரும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இலங்கை ரயில்வேயின் முதல் மண்ணை ஆளுநர் ஹென்றி வார்ட் 1858 ஆகஸ்ட் 3ஆம் திகதி வெட்டினார். கம்பனியின் மதிப்பீடு எட்டரை லட்சம் பவுணிலிருந்து இருபது லட்சத்துக்கும் மேலே ஏறியதும் ஒப்பந்தம் முறிந்தது. அரசாங்கமே பொறுப்பேற்றது. 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் கோச்சி. 1867இல் கண்டி. காப்பிக்கு வேண்டியிருந்தது, ஆகவே வேகமாகப் போனது. 1876இல் 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகக் காணி எடுக்கும் காகிதம் இலங்கையில் சொந்தப் பெயர் பெற்றது. ஆறு வருடம் மூத்த இந்தியச் சட்டத்தின் சாயல் அதன் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. அரசாங்க அதிபர் விசாரிப்பார், இணக்கம் வராவிட்டால் மாவட்ட நீதிமன்றம், நீதிபதியோடு மதிப்பாளர்கள்.

கிழக்குக்கு அரை நூற்றாண்டு பிந்தித்தான் பாதை வந்தது. கல்லோயாச் சந்தியில் பிரிந்து பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனானை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று. வழியில் பெரும்பகுதி காடு. காடு யாருக்குரியது என்பதை 1840 ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தது. வாவியைத் தாண்டித் தென்கரைக்கு வரவேண்டுமென்றால் ஒவ்வொரு அடியும் யாரோ ஒருவரின் வளவாக, தென்னந்தோட்டமாக, வயலாக இருந்திருக்கும். பாதை ஏன் மட்டக்களப்போடு நின்றது என்பதற்கு வேறு காரணங்களும் இருக்கும். ஆனால் இவ்வளவு நெருக்கமான மணல்நாடாவில் ரயில் பாதை போட்டிருந்தால் நமது காகிதம் எத்தனை வேலியில் ஒட்டப்பட்டிருக்கும் என்று நினைக்கும்போது, கோச்சி வராததில் கொஞ்சம் நிம்மதியும் எனக்கு உண்டு.

காகிதத்தோடு அதன் அளவுகோலும் வந்தது. நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2ஆம் திகதியே தொடங்கிவிட்டது. அறுபத்தாறு அடி இரும்புச் சங்கிலி, நூறு கண்ணி. ஐந்தரை யார் கோல் சதுரம் ஒரு பேர்ச், நூற்றறுபது பேர்ச் ஒரு ஏக்கர். நமது ஊரில் வயலை அளந்தது சங்கிலியால் அல்ல, விதையால். இத்தனை அவண விதைப்பு, இத்தனை மரைக்கால் விதைப்பு என்பார்கள். அந்த அளவுக்குள் மண்ணின் தரமும் இருந்தது. களிமண் வயலும் மணற்சார்பு வயலும் ஒரே பரப்பு என்றாலும் ஒரே விதையைக் கேட்பதில்லை. பேர்ச்சுக்கு அந்த வேறுபாடு தெரியாது. இந்தப் பக்கத்தில் வேளாண்மை என்றால் நெல்தான், வயலில் நிற்கும் பயிர்தான். இந்த ஊரின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட கவிஞர் நீலாவணன் தன் காவியத்துக்கு 'வேளாண்மை' என்றுதான் பெயரிட்டார். அவர் வாழ்ந்த உலகத்தில் வட்டை, கண்டம், வட்டவிதானை எல்லாம் உயிருள்ள சொற்கள். அளவைப் படத்தில் அவை 'லொட் இலக்கம்' ஆகிவிடும்.

1950இல் காகிதம் சுதந்திர நாட்டின் காகிதமாயிற்று. அந்த ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். இப்போது நம் வேலியில் ஒட்டப்படுவது இதுதான். இதன் நடையைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேட்க வேண்டும். 2ஆம் பிரிவில் முதல் அறிவித்தல். 4ஆம் பிரிவில் எடுக்கும் எண்ணத்தை அறிவித்து ஆட்சேபம் கேட்பார்கள், அதற்குப் பதினான்கு நாளுக்குக் குறையாத தவணை. 5ஆம் பிரிவில் அமைச்சரின் பிரகடனம், கல்கத்தாவில் சேர்ந்த அந்த வரி இங்கேயும் இருக்கிறது, பிரகடனமே முடிவான சான்று. பிறகு அளவைப் படம். 7ஆம் பிரிவில் உரிமை கோருவோர் எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்ற அறிவித்தல், சந்தைப் பெறுமதியும் அந்த அறிவித்தல் வெளியான திகதியை வைத்தே கணக்கிடப்படும். 9இல் விசாரணை, 10இல் உரித்துத் தீர்மானம், 17இல் நட்டஈட்டுத் தீர்ப்பு. தொகை போதாதென்றால் இருபத்தொரு நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு. 38இல் உடைமை எடுத்தல். அந்த 38க்குள் ஒரு வாசல் இருக்கிறது: உடனடித் தேவை என்றால் இந்த வரிசை எதற்கும் காத்திராமல், 2ஆம் பிரிவு ஒட்டியதுமே உடைமை எடுத்துவிடலாம்.

1876இல் மாவட்ட நீதிபதி இருந்த இடத்தில் 1950இல் காணி எடுக்கும் அலுவலர் உட்கார்ந்தார். அவரே விசாரிக்கிறார், அவரே தொகை சொல்கிறார். ஆகவே கூடப்பிறந்த விதியின் பொறுப்பு முன்னையைவிடப் பெருத்துவிட்டது. அந்த விதி இன்று தாபன விதிக்கோவையில் இருக்கிறது, சொத்து விவரம் வெளிப்படுத்தும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. பழைய சிவில் சேவை 1963 மே முதலாம் திகதியோடு கலைக்கப்பட்டு நிருவாக சேவையாயிற்று. அரசாங்க அதிபரின் வேலையில் பெரும்பகுதி 1990களில் பிரதேச செயலாளருக்கு வந்தது. ஆள் மாறினார், நாற்காலி மாறியது. காணி மதிப்பவருக்கும் காணிக்கும் இடையே சொந்தம் இருக்கக் கூடாது என்ற 1845இன் எண்ணம் மட்டும், வெள்ளைக்காரன் விட்டுப்போனவற்றில் நான் மனதார மதிக்கும் ஒன்று.

காகிதம் இந்தக் கரைக்கு வந்து தடுக்கி விழுந்த இடம் எது தெரியுமா? வீடு. இங்கே வீடு பெண்ணுக்கு. தமிழர் என்றாலும் முஸ்லிம் என்றாலும் தாய்வழிக் குடி முறை இந்தக் கரையில் ஆழமானது. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசினால் வளவில் இருக்கும் வீடு அவளுக்கு. உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளோடு அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. கடைசி மகள் வரை இப்படியே. மருமகன் வந்து குடியிருக்கிறான், வீடு அவளுடையது. ஒரு வளவுக்குள் மூன்று தலைமுறைப் பெண்களின் உரிமை வேரோடு வேராகப் பின்னிக்கிடக்கும். எல்லோருக்கும் எது யாருடையது என்று தெரியும். வேலி கிடையாது, கிணறு பொது, பாதை பொது.

7ஆம் பிரிவு அறிவித்தல் வந்ததும் கேள்வி வேறாகிவிடுகிறது. உறுதி எங்கே? உறுதி மூத்தம்மாவின் பெயரில் இருக்கும். அவர் மௌத்தாகி எத்தனையோ வருடம். மகளுக்குக் கொடுத்த சீதனம் சில வேளை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருக்கும், சில வேளை கலியாணப் பந்தலில் சொன்ன சொல்லாகவே நின்றிருக்கும். சில வளவுகளுக்கு உறுதியே இல்லை, அனுமதிப்பத்திரம்தான். பிரிக்கப்படாத பங்கு என்று எழுதினால் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் வருவார்கள். உரித்துத் தகராறு தீரவில்லை என்றால் நட்டஈட்டுக் காசு நீதிமன்றத்தில் போய்க் கிடக்கும். எழுபது வருடம் ஒற்றுமையாக ஒரு கிணற்றில் தண்ணீர் அள்ளிய சகோதரிகளின் பிள்ளைகள், ஒரே வளவின் இரண்டு உரிமைக்காரர்களாக விசாரணை மேசையின் இரண்டு பக்கத்தில் நிற்க நேர்கிறது. காணியை எடுப்பதற்கு முன்னமே குடும்பத்தை எடுத்துவிடுகிறது அந்தக் கேள்வி.

2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் எல்லா உறுதியையும் நனைத்தது. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று ஒரு ஊரும் தப்பவில்லை. கடற்கரையோரமாக வீடு கட்டக் கூடாத வலயம் அறிவித்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். எங்கள் மணல்நாடாவில் 200 மீற்றர் என்பது ஊரில் பெரும்பங்கு. பிறகு தூரத்தைக் குறைத்தார்கள், மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயரிலேயே 65 மீற்றர் என்ற எண் ஒட்டிக்கொண்டது. அந்த வலயத்துக்குள் இருந்தவருடைய காணி சட்டப்படி அவருடையதுதான். 2ஆம் பிரிவு ஒட்டப்படவில்லை, 17ஆம் பிரிவுத் தீர்ப்பும் இல்லை. கட்டத்தான் முடியாது. காகிதமே வராமல் காணி போன கதை அது. அப்போது பலருக்கு அந்த வெறுக்கப்பட்ட நோட்டீஸே வந்திருக்கக் கூடாதா என்றிருந்தது, வந்திருந்தால் நட்டஈடு கேட்க ஒரு பிரிவு இலக்கமாவது கையில் இருந்திருக்கும்.

அகதியானவர்களைக் குடியேற்றக் காணி தேடினார்கள். கடலுக்கும் வயலுக்கும் நடுவே இடம் எங்கே? வயலை நிரப்பினார்கள். தொடர்மாடி கட்டினார்கள். பெண்ணுக்கு வளவோடு வீடு கொடுக்கும் சமூகத்தில் தொடர்மாடி வீட்டை எந்த மகளுக்குக் கொடுப்பது, மற்ற மகளுக்குப் பின்வளவு எங்கே என்று எந்தத் திட்ட வரைபடமும் கேட்கவில்லை.

கொஞ்சம் தெற்கே ஒலுவிலில் துறைமுகம் வந்தது. டென்மார்க்கின் கடனில் 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறந்தார்கள். அதற்காகக் காணி எடுக்கப்பட்டவர்கள் நட்டஈட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். அதோடு முடியவில்லை. துறைமுகக் கல்லணையின் வடக்கே கடல் கரையை அரிக்கத் தொடங்கியது, ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. எடுக்கப்பட்ட காணிக்காவது ஓர் இலக்கம் உண்டு. கடல் எடுத்த காணிக்கு எந்தப் பிரிவின் கீழ் யாரிடம் கேட்பது?

காகிதத்தின் குறைகளை நாட்டில் யாரும் காணவில்லை என்று சொல்ல முடியாது. தெற்கு அதிவேகப் பாதைக்குக் காணி எடுத்தபோது சட்டப்படியான தொகையை வைத்துக்கொண்டு வேறோர் இடத்தில் ஒரு வீடு கட்ட முடியாது என்பது தெரிந்துபோயிற்று. 2001இல் கட்டாய மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கையை அமைச்சரவை ஏற்றது. உறுதி இல்லாதவரையும் நியாயமாக நடத்த வேண்டும், இழந்ததற்கு ஈடானதை மறுபடி கட்டிக்கொள்ளும் அளவுக்குக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதிவேகப் பாதைக்காரருக்கு அதற்கென்று குழு அமைத்து மேலதிகத் தொகை கிடைத்தது. அது நல்லது. அதே அளவுகோல் இந்தக் கரைக்கும் வரவேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

நீதிமன்றமும் பேசியிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அறிக்கையான மானெல் பெர்னாண்டோ எதிர் ஜயரத்ன வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, 2ஆம் பிரிவு அறிவித்தலிலேயே பொதுத் தேவை எதுவென்று சொல்லப்படவேண்டும் என்று தீர்த்தார். என்னத்துக்கு என்று தெரியாமல் எப்படி ஆட்சேபிப்பது? கல்கத்தாவில் சாத்திய கதவில் விழுந்த ஒரு சிறு கீறல் அது. 2008இல் வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கு. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று எடுத்த, வெள்ளம் தேங்கவேண்டிய காணி கடைசியில் கோல்ஃப் மைதானமாகியிருந்தது. உயர்நீதிமன்றம் அதை இரத்துச் செய்து, முன்னாள் ஜனாதிபதி ஒருவருக்கே முப்பது லட்சம் ரூபாய் விதித்தது. 1845இல் கச்சேரி உத்தியோகத்தருக்குப் போட்ட விதி நூற்றறுபது வருடம் கழித்து நாட்டின் தலைமை நாற்காலி வரை ஏறிப்போய்க் கேள்வி கேட்டது.

பெரியநீலாவணையில் நோட்டீஸ் ஒட்டினால், முதலில் தேவை எதுவென்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் மானெல் பெர்னாண்டோ வழக்கின் தீர்ப்பைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 4ஆம் பிரிவு வந்தால் பதினான்கு நாளை ஒரு நாளும் வீணாக்காதீர்கள். 7ஆம் பிரிவு வரும் முன்னமே, உம்மாவும் மாமியும் சாச்சியும் இருக்கும்போதே, வளவில் எந்த வீடு யாருக்குச் சொல்லப்பட்டது என்று உட்கார்ந்து பேசி எழுதிவையுங்கள். விசாரணை மேசையில் ஆண்கள் முன்னே நிற்பார்கள். வீடு பெண்ணுடையது. உரிமை கோருவோர் பட்டியலை வாசிக்கும்போது அவள் பெயர் அதில் வருகிறதா என்று ஒருவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.